ஹெபடைடிஸ் பி டைட்டர் டெஸ்ட்: புதுச்சேரி, கடலூர் லேப்களில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று டோஸும் போட்டு முடித்த பிறகு, உடம்பில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் அளந்து பார்ப்பதற்குப் பெயர் ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரைச் சுற்றியுள்ள லேப்களிலும், மருத்துவக் கல்லூரிகளின் சொந்த லேப்களிலும் இதைச் செய்கிறார்கள். கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமுள்ள கலெக்‌ஷன் சென்டர்கள் ரத்தத்தை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கித் தருகின்றன. டெஸ்ட்டைப் பொறுத்தவரை நல்ல டெஸ்ட். இன்றைய மெஷின்கள் தரும் எண்ணை நம்பலாம். ஆனால் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னால் கவுன்ட்டரில் நடப்பதும், எண் வெளியே வந்த பிறகு நடப்பதும் பல இடங்களில் சரியில்லை. காசு கொடுத்தவர் கைக்குத் தவறான டெஸ்ட்டின் ரிசல்ட்டோ, சரியான டெஸ்ட்டின் பயன்படாத ரிசல்ட்டோதான் வந்து சேருகிறது.

முதல் சறுக்கல் பெயரில்தான். கவுன்ட்டரில் போய் 'காமாலை ஊசி போட்டிருக்கேன், அதுக்கு டெஸ்ட் பண்ணணும்' என்று சொன்னால், பெரும்பாலும் எச்பிஎஸ்ஏஜி என்று பில் போட்டுவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலும், பிரசவத்துக்கு முன்னாலும், ரத்த தானத்துக்கும் அன்றாடம் போடும் டெஸ்ட் அது. கம்ப்யூட்டரில் 'ஹெப்' என்று அடித்ததும் முதலில் வந்து நிற்கும். எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது ரத்தத்தில் இருந்தால் தொற்று இருக்கிறது என்று பொருள். ஆன்டி-எச்பிஎஸ் என்பது அந்தப் புரதத்தை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி. முன்னதில் நெகட்டிவ் வந்தால் நல்ல செய்தி, பின்னதில் நெகட்டிவ் வந்தால் பாதுகாப்பு இல்லை. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு இம்யூனிட்டி இருக்கு' என்று நம்பி டயாலிசிஸ் வார்டிலோ லேபர் வார்டிலோ வேலை செய்பவர் எந்த ஆதாரமும் இல்லாமல்தான் நம்புகிறார்.

ஆகவே டாக்டர் சீட்டில் 'ஆன்டி-எச்பிஎஸ், குவான்டிடேட்டிவ்' (அதாவது அளவை எண்ணாகச் சொல்வது) என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பில் கைக்கு வந்ததும், ரத்தம் கொடுப்பதற்கு முன்னால், அதே இரண்டு வார்த்தைகளும் பில்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில லேப்களில் இதையே 'ஹெபடைடிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிபாடி' என்று போடுவார்கள். அதுவும் இதுவும் ஒன்றே. ஆன்டி-எச்பிசி என்று இருந்தால் அது வேறு. வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அது. தடுப்பூசியால் ஒருபோதும் வராது, உண்மையான தொற்று வந்து போனாலோ இன்னும் இருந்தாலோதான் வரும்.

அடுத்தது, கார்டா மெஷினா என்ற கேள்வி. சின்ன லேப்கள் சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் கார்டில் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவத்தை) சொட்டு விட்டு, கால் மணி நேரத்தில் கோடு தெரிகிறதா என்று பார்த்து 'பாசிட்டிவ்' என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். விலை குறைவு, கையோடு ரிப்போர்ட். ஆனால் டைட்டருக்கு இது உதவாது. நமக்கு வேண்டியது ஒரு எண். பாதுகாப்புக்கான எல்லைக்கோடு ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி ஐயூ (ஐயூ என்பது சர்வதேச அலகு). கார்டில் மங்கலாகத் தெரியும் கோடு 8-ஐக் காட்டுகிறதா 15-ஐக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரியும், ஆஸ்பத்திரி நிர்வாகமும், வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர்களும் எண் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் 'முறை' என்ற இடத்தில் சிஎல்ஐஏ, இசிஎல்ஐஏ, சிஎம்ஐஏ அல்லது எலைசா என்று இருக்க வேண்டும். முதல் மூன்றும் தானியங்கி மெஷின்கள். ஒரு சாம்பிள் வந்தாலும் உடனே ஓட்டலாம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எண் வந்துவிடும். எலைசா 96 குழி கொண்ட தட்டில் செய்வது. ஒரே ஒரு சாம்பிளுக்காகத் தட்டைப் பிரித்தால் கட்டுப்படியாகாது என்பதால் சாம்பிள்கள் சேரும்வரை வைத்திருப்பார்கள். 'நாளைக்கு வந்துடும்' என்று சொன்ன ரிப்போர்ட் நாலு நாள் இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவசரம் இருந்தால் மெஷின் எது என்பதோடு, டெஸ்ட்டை இங்கேயே ஓட்டுகிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுக்கும் வேலை சுலபம். வெறும் வயிறு தேவையில்லை, காலை டிபன் சாப்பிட்டுவிட்டே போகலாம். சிவப்பு மூடி அல்லது ஜெல் உள்ள மஞ்சள் மூடி ட்யூபில் 3 முதல் 5 மி.லி. போதும். ட்யூபை நிமிர்த்தி அரை மணி நேரம் வைத்தால் ரத்தம் உறையும். அதன் பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் ஜெல்லுக்கு மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும். கெடுவதும் இந்தக் கட்டத்தில்தான். கூட்டம் அதிகமாக இருக்கிறதென்று உறைவதற்குள் சுற்றினால் சீரத்துக்குள் நார்நாராக ஃபைப்ரின் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) மிதக்கும். அது மெஷினின் உறிஞ்சு முனையில் சிக்கி எண்ணைக் குலைக்கும். கடலூரிலிருந்தோ பண்ருட்டி, விருத்தாசலத்திலிருந்தோ மதிய வெயிலில் பைக்கில் போகும் சாம்பிள் சீரம் பிரிக்காமல் போனால், சிவப்பணுக்கள் உடைந்து சீரம் செம்மையாகிவிடும். ஆன்டிபாடி சட்டென்று அழிந்துவிடாது, என்றாலும் லேப் அந்த சாம்பிளை நிராகரித்து மறுபடி கூப்பிடும். நல்ல சென்டரில் சீரத்தைப் பிரித்த பிறகே, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் அனுப்புவார்கள். 'இங்கேயே சென்ட்ரிஃப்யூஜ் இருக்கா?' என்று கேட்பதில் தவறில்லை. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

டெக்னீஷியன்கள் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? 5 மில்லி கிராம், 10 மில்லி கிராம் மாத்திரைகள் இப்போது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் பயோட்டினும் ஒட்டிக்கொள்வதை வைத்து இயங்கும் மெஷின்களில், ரத்தத்தில் மிதக்கும் அதிகப்படி பயோட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆன்டி-எச்பிஎஸ் எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையே குறைந்தது எட்டு மணி நேரம் விட வேண்டும். ரொம்ப அதிக அளவில் எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வருவது நல்லது.

இனி நேரம். இந்த டெஸ்ட்டில் காசு வீணாவது பெரும்பாலும் தவறான நேரத்தில் எடுப்பதால்தான். தடுப்பூசி அட்டவணை 0, 1, 6 மாதம். மூன்றாவது டோஸ் போட்ட நாளிலிருந்து 1 முதல் 2 மாதத்துக்குள் டைட்டர் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் 10-ஐத் தொட்டுவிட்டால் நீங்கள் 'ரெஸ்பாண்டர்'. அந்தக் காகிதம் ஆயுளுக்கும் செல்லும். இரண்டாவது டோஸுக்குப் பின் அவசரப்பட்டு எடுத்தால் எண் குறைவாக வந்து வீண் கலக்கம். எட்டு, பத்து வருடம் கழித்து எடுத்தால் பிரச்சினை வேறு மாதிரி. ஆன்டிபாடி அளவு காலப்போக்கில் இறங்குவது இயல்பு; 10-க்குக் கீழேயும் போகும். ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவு செல்கள் அப்படியே இருக்கும். வைரஸ் உள்ளே வந்தால் நோயாக முற்றுவதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நினைவு செல்கள் விழித்துக்கொண்டு ஆன்டிபாடியை மறுபடி உற்பத்தி செய்துவிடும். அதனால் முன்பு ஒருமுறை 10-க்கு மேல் வந்ததற்கு அத்தாட்சி வைத்திருக்கும் ஆரோக்கியமானவருக்கு இப்போது 6 என்று வந்தாலும் பூஸ்டர் தேவையில்லை. அத்தாட்சி இல்லாதவருக்கு அதே 6-ஐ வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது: ஊசி பிடிக்கவே இல்லையா, பிடித்து இறங்கிவிட்டதா என்று ரத்தம் தனியாகச் சொல்லாது. சரியான மாதத்தில் எடுத்த ஒரே ஒரு டெஸ்ட் பிற்பாடு வரும் பல செலவுகளை மிச்சப்படுத்துகிறது.

நர்சிங், பாராமெடிக்கல் படிப்பில் சேருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழ்நாட்டில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான) ஊசி 2011 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு, பிறந்த வருடத்தையும் ஊரையும் பொறுத்து அரசு ஊசியில் கிடைத்திருக்கலாம், தனியார் குழந்தை டாக்டரிடம் போட்டிருக்கலாம், போடாமலே விட்டிருக்கலாம். அம்மாவிடம் கேட்டால் 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்பார், அட்டை கிடைக்காது. அட்டை இருந்து, மூன்று டோஸும் குழந்தைப் பருவத்திலேயே போட்டது தெரிந்தால், முதலில் டைட்டர் எடுங்கள். 10-க்கு மேல் இருந்தால் வேலை முடிந்தது. குறைவாக இருந்தால் ஒரே ஒரு டோஸ் போட்டு, 1 முதல் 2 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு செல்கள் இருந்தால் எண் தாவி ஏறும். அப்போதும் ஏறவில்லையென்றால் மீதி இரண்டு டோஸையும் போட்டு முடித்துவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அட்டையே இல்லையென்றால் டைட்டரை நம்பிக் காலம் கடத்தாமல் மூன்று டோஸையும் புதிதாகப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு டைட்டர் எடுப்பதே நேரான வழி. முன்பே போட்டிருந்தாலும் கூடுதல் டோஸால் கெடுதல் இல்லை.

இடையில் டோஸ் தவறியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஆனால் இடைவெளியைச் சுருக்கக் கூடாது. முதல் இரண்டுக்கு நடுவே 4 வாரம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 8 வாரம், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 16 வாரம் குறைந்தபட்சம். கல்லூரி கேட்ட தேதிக்குள் சர்டிஃபிகேட் வேண்டுமென்று மூன்றாவதை முன்னாலேயே போட்டுவிட்டு, டைட்டர் குறைந்து வந்ததும் லேபைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அதில் என்ன இருக்க வேண்டும்? நல்ல ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்திலேயே இத்தனையும் இருக்கும்: ஆதார் அல்லது பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் இனிஷியலும், சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும், டெஸ்ட்டின் முழுப்பெயர், முறை, எண், அலகு, எல்லைக்கோடு, மைக்ரோபயாலஜி அல்லது பேத்தாலஜி டாக்டரின் பெயரும் கையெழுத்தும். குறையுள்ள ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் விடுபடுவது முறையும் சாம்பிள் எடுத்த தேதியும். ரிப்போர்ட் அச்சான தேதி மட்டும் இருந்தால், கடைசி டோஸுக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எவராலும் கணக்கிட முடியாது. அலகிலும் குழம்ப வேண்டாம்: சில லேப் மி.லி.க்கு மில்லி ஐயூ என்று போடும், சில லேப் லிட்டருக்கு ஐயூ என்று போடும்; இரண்டும் ஒரே எண்தான். 'பாசிட்டிவ்' என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில், தடித்த அச்சில் போட்டுத் தருவதை லேப்கள் முதலில் நிறுத்த வேண்டும். ஆன்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ் என்று வந்ததைப் பார்த்து, தனக்கு ஹெபடைடிஸ் பி வந்துவிட்டதாக நினைத்துக் கலங்குபவர்கள் உண்டு. 'எதிர்ப்பு சக்தி உள்ளது' என்று தமிழில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் ஆகாது.

எண்ணின் பெருமையும் அப்படித்தான். ஒருவருக்கு 1000-க்கு மேல் என்று வரும், பக்கத்து வார்டுக்காரருக்கு 85 என்று வரும். இருவருமே பாதுகாப்பானவர்கள். 1000 என்பது பல மெஷின்களின் மேல் எல்லை. அதற்கு மேல் போனால் நீர்த்து ஓட்டாமல் சரியான எண் தராது, தரவும் தேவையில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி மெஷினில் ஓட்டினால் எண்கள் வித்தியாசப்படும் என்பதால், போன வருடம் ஒரு லேபில் வந்ததையும் இந்த வருடம் வேறொரு லேபில் வந்ததையும் ஒப்பிட்டு 'குறைஞ்சிடுச்சு' என்று சொல்ல முடியாது. 8, 12 என்று எல்லைக்கோட்டை ஒட்டி வந்தால் மட்டும் அதே லேபில், அதே முறையில் மறுபடி எடுப்பது அர்த்தமுள்ளது.

விலை லேபுக்கு லேப் மாறுகிறது. சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். வீட்டுக்கு வந்து எடுத்தால் அதற்குத் தனியாக வாங்குவார்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்த்து வருடாவருடம் விற்பது எங்களுக்கு உடன்பாடில்லை. கடையில் வேலை செய்பவர், ஆபீஸ் போகிறவர், வீட்டில் இருப்பவர், ஆரோக்கியமான குழந்தைகள் - இவர்களுக்கெல்லாம் ஊசி போட்டால் போதும், டைட்டர் தேவையில்லை. நாற்பது வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்று டோஸில் பாதுகாப்பு வந்துவிடுகிறது. டெஸ்ட் தேவைப்படுபவர்கள் வேறு: ரத்தத்தோடும் ஊசியோடும் புழங்கும் மருத்துவப் பணியாளர்களும் மாணவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களைப் பட்டியலில் பலரும் விட்டுவிடுகிறார்கள். பைக்குள் கிடக்கும் ஊசி முதலில் குத்துவது அவர்கள் கையைத்தான். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஊசியும் டைட்டரும் நர்சுக்கு மட்டும் என்று நிர்வாகம் சொன்னால் அதை ஏற்கவே முடியாது.

புதுச்சேரிக்கென்று ஒரு விசேஷம்: பிரான்ஸ் போய் மருத்துவத் துறையில் படிக்கவோ வேலை செய்யவோ நினைப்பவர்கள் இங்கே அதிகம். அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1991 முதல் சட்டப்படி கட்டாயம். அவர்கள் ஆன்டி-எச்பிஎஸ் எண்ணோடு ஆன்டி-எச்பிசி-யையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 100-க்கு மேல் என்றால் கேள்வி கிடையாது, 10-க்கும் 100-க்கும் இடையில் என்றால் ஆன்டி-எச்பிசி நெகட்டிவும் முழுத் தடுப்பூசிப் பதிவும் வேண்டும். பிரிட்டனிலும் 100-ஐ ஒரு படியாக வைத்திருக்கிறார்கள். 10-க்கும் 100-க்கும் நடுவே வந்தால் கூடுதலாக ஒரு டோஸ் போடச் சொல்வார்கள். இங்கே '45, ரொம்ப நல்லா இருக்கு' என்று டாக்டர் சொன்னதும் சரி, அங்கே இன்னொரு டோஸ் கேட்பதும் சரி. வெளிநாட்டுக்காக எடுப்பவர்கள் இரண்டு டெஸ்ட்டையும் ஒரே சாம்பிளில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு முறை குத்து வாங்கவும் வேண்டாம், தேதிகள் பொருந்தாமல் போகவும் வேண்டாம்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எல்லாமே வேறு கணக்கு. சாதாரணப் பெரியவருக்கு 20 மைக்ரோ கிராம் என்றால் இவர்களுக்கு 40. 0, 1, 2, 6 மாதம் என்று நான்கு டோஸ். கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதம் கழித்து டைட்டர், பிறகு வருடம் ஒரு முறை. 10-க்குக் கீழே இறங்கினால் பூஸ்டர் போட்டே ஆக வேண்டும். நினைவு செல்களை நம்பும் சலுகை இவர்களுக்கு இல்லை. ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், ஹெப்பரின் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஹெப்பரின் கலந்தால் உறைவது தாமதமாகி மேலே சொன்ன ஃபைப்ரின் தொல்லை வரும். இன்னொரு விஷயம்: ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி பார்த்தால், தடுப்பூசியில் இருக்கும் அதே புரதம் ரத்தத்தில் தென்பட்டுப் பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் உள்ளவர்களுக்கான தனி டயாலிசிஸ் மெஷினுக்கு மாற்றப்போகிறோம் என்று யூனிட் சொன்னால், கடைசி ஊசி போட்ட தேதியை எடுத்துக் காட்டுங்கள்.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் போட்டிருப்பார்கள். அது வெளியிலிருந்து கொடுத்த ஆன்டிபாடி. மாதக்கணக்கில் குழந்தை ரத்தத்தில் நிற்கும். ஆறாம் மாதத்தில் டைட்டர் எடுத்தால் அதுதான் தெரியும், குழந்தையுடையது தெரியாது. 9 முதல் 12 மாத வயதில், எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். குழந்தையின் நரம்பு கிடைப்பது கடினம் என்பதால், இதற்குத் தெருமுனை சென்டரை விடக் குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி லேபே நல்லது. பெரியவர்களும் இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் ஆறு மாதம் கழித்தே டைட்டர் எடுக்க வேண்டும்.

எண் 10-க்குக் கீழே வந்தால் லேபை விட்டுவிட்டு ஊசி போட்ட விதத்தைப் பாருங்கள். புட்டத்தில் போட்டார்களா? அங்கே கொழுப்பு அடர்ந்திருப்பதால் மருந்து தசைக்குப் போகாமல் நின்றுவிடும். பெரியவர்களுக்கு மேல்கை டெல்டாய்டு தசையில் மட்டுமே போட வேண்டும். பருமனானவர்களுக்கு ஒரு அங்குல ஊசி தசையை எட்டாது, ஒன்றரை அங்குலம் வேண்டும். பெரியவருக்குக் குழந்தைகளின் அரை மி.லி. வயலை (மருந்துக் குப்பியை) போட்டார்களா? மருந்து உறைந்ததா? இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. வெயிலை விட உறைபனிக்குத்தான் அதிகம் கெடும். உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து பலன் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, கெட்டியான ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்துக் கவரில் கட்டி, கிளினிக்குக்கு எடுத்துப் போவது கடலூர், நெய்வேலி பக்கம் சாதாரணமாக நடக்கும் காரியம். வயலுக்கும் ஐஸுக்கும் நடுவே துணியோ காகிதமோ இருக்க வேண்டும். குலுக்கிய பிறகு சீரான பால் நிறம் வராமல் துகள் துகளாக அடியில் தங்கினால் அந்த வயலைப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஷான்வாக்-பி, ஜீன்வாக்-பி, எஞ்சரிக்ஸ்-பி எல்லாமே ஒரே மேலுறைப் புரதம்தான். பிராண்ட் மாறியதால் டைட்டர் குறைந்தது என்பது சரியான காரணமில்லை. வயது நாற்பதுக்கு மேல், புகைப்பழக்கம், உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு - இவை உண்மையான காரணங்கள்.

எந்த இடத்துக்குப் போகலாம்? மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் முதலில் அங்குள்ள மைக்ரோபயாலஜி துறையிலோ தொற்றுத் தடுப்பு நர்சிடமோ கேளுங்கள். ரிசல்ட்டைப் படித்துச் சொல்லவும், பதிவேட்டில் ஏற்றவும் ஆள் இருக்கும். வெளி லேபில் அந்த வசதி இல்லை. வெளியே எடுப்பதானால் மெஷினில் ஓட்டும் பெரிய லேபின் சென்டரையே தேர்ந்தெடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை இதற்கென்று பஸ் ஏற வேண்டிய அவசியமில்லை. சீரத்தைப் பிரித்து அனுப்பும் சென்டர் உள்ளூரில் இருந்தால் முடிவில் வித்தியாசம் வராது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், சாம்பிள் திங்கள் வரை ஃபிரிட்ஜில் கிடக்கும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் இந்த ரிப்போர்ட்டின் மதிப்பு தெரியும். நோயாளி எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், குத்துப்பட்டவரிடம் 10-க்கு மேல் வந்த பழைய ரிப்போர்ட் இருக்கிறது என்றால், ஹெபடைடிஸ் பி-க்காக அவருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஊசி போட்டும் டைட்டர் பார்க்காதவருக்கு உடனே ரத்தம் எடுத்து, 10-க்குக் குறைவென்றால் இம்யூனோகுளோபுலினும் ஒரு டோஸ் தடுப்பூசியும் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் தள்ளினால் பயன் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மருந்தின் விலை பல ஆயிரம், எல்லாக் கடையிலும் இருக்காது. இரண்டு முழுச் சுற்று, அதாவது ஆறு டோஸ் போட்டும் 10-ஐத் தொடாதவர்கள் இன்னொரு சுற்றுக்குப் போகாமல் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி இரண்டையும் பார்த்துவிட வேண்டும். தெரியாமலே தொற்று இருப்பதும் எண் ஏறாததற்குக் காரணமாகலாம். இரண்டும் நெகட்டிவ் என்றால் அவர் 'நான்-ரெஸ்பாண்டர்'. பாசிட்டிவ் நோயாளியின் ஊசி குத்தினால் அவருக்கு இம்யூனோகுளோபுலின் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். அதை எங்கே உடனே வாங்க முடியும் என்பதை ஆஸ்பத்திரி பார்மஸியில் இன்றைக்கே விசாரித்து, அந்த நம்பரை வார்டு சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.